குழந்தையிடம் பொய் உரைக்கலாமா?

குழந்தைகளிடம் நாம் சொல்லும் பொய்களுக்குக் கணக்கில்லை. சோறு உண்ணாவிட்டால் பூச்சாண்டி வருவான் என்கிறோம். கடைக்குப் புறப்படும்போது மருத்துவரிடம் போவதாகச் சொல்லி வீட்டிலேயே நிறுத்திவிடுகிறோம். மருத்துவரிடம் புறப்படும்போது கடைக்குப் போவதாகச் சொல்லி அழைத்துச் செல்கிறோம். பள்ளிக்குத் தாதியர் தடுப்பூசி போட வரும் நாளில், வரிசையில் நின்று நடுங்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், "எறும்பு கடித்தாற்போல்தான் இருக்கும்" என்று சொல்லாத ஆசிரியர் நம்மில் எத்தனை பேர் இருப்பர்? பணி ஓய்வு பெறும்வரை நானும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இவற்றைப் பொய் என்று நாம் எண்ணுவதே இல்லை. அன்பின் ஒரு வகையாகவே கருதிக்கொள்கிறோம்.

அந்த எண்ணம் சரிதானா என்று என்னை முதன்முதலாக வினவச் செய்தது, 1988ஆம் ஆண்டில் என் மகளுக்கு நடந்த ஓர் அறுவை மருத்துவம்.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. அடிக்கடி காய்ச்சலும் தொண்டை வலியுமாக இருந்தாள். டான்சில் எனப்படும் தொண்டைச் சதையை அகற்றிவிடுவது நல்லது என்றார் மருத்துவர். நானும் என் மனைவியும் கூடிப் பேசி, மகளிடம் எதையும் சொல்லுவதில்லை என்று முடிவு செய்தோம். பட்டணத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகிறோம் என்றோம். அவளும் தனக்குப் பிடித்த சட்டையை எடுத்து மடித்துத் தன் சிறு பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பசிக்கிறது என்று கேட்டபோது, மாமா வீட்டில் தோசை சுட்டு வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். ஒரு பொய்யைக் காக்க இன்னொன்று தேவைப்பட்டது.

மருத்துவமனையில் தாதி ஒருவர் சிறு கிண்ணத்தில் மருந்து கொண்டுவந்தார். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னர்க் குழந்தையின் அச்சத்தைத் தணித்து உறக்கநிலைக்குக் கொண்டுவரும் மருந்து அது. மகள் வாயை இறுக மூடிக்கொண்டாள். தாதி என் முகத்தைப் பார்த்தார். "சிராப்தாம்மா. தீபாவளிக்கு நம் வீட்டில் கலக்குவோமே, அதுதான். அப்பா சொன்னால் நம்பமாட்டாயா?" என்று நான் சொன்னேன். அவள் நம்பினாள். ஒரே மூச்சில் குடித்தாள். கசப்பு நாவில் பட்டதும் அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமையில்லை. ஒரு மணி நேரத்திற்குள் சொற்கள் குழறின, கைகள் துவண்டன. தள்ளுவண்டியில் கிடத்தி அழைத்துச் சென்றார்கள். அந்நாளில் அங்கே பெற்றோரைக் கதவுக்கு அப்பால் விடுவதில்லை. அவள் அழவில்லை. "நல்ல பிள்ளை, சத்தமே இல்லை" என்று தாதி பாராட்டினார். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

அறுவை நன்றாக முடிந்தது. தொண்டையும் குணமாயிற்று. ஆனால், ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவள் என் கையிலிருந்து எந்தக் குவளையையும் வாங்கிக் குடிக்கவில்லை. நான் நீட்டினால் முதலில் தாயிடம் காட்டி, "இது என்ன?" என்று கேட்பாள். தாய் சொன்ன பிறகே குடிப்பாள்.

திருக்குறளில் வாய்மை என்னும் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் ஒருவராவது ஒரு கேள்வி கேட்பதுண்டு. வள்ளுவரே பொய்க்கு இடம் கொடுத்துவிட்டாரே ஐயா, என்பதே அக்கேள்வி. குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைக்கலாம் என்னும் கருத்து அவ்வதிகாரத்தில் இருப்பது உண்மையே. ஜெர்மன் நாட்டு மெய்யியலார் இம்மானுவேல் காண்ட் இதற்கு உடன்படமாட்டார். கொலைகாரன் ஒருவன் வாயிலில் வந்து நின்று, உன் நண்பன் உள்ளே இருக்கின்றானா என்று கேட்டாலும் பொய் சொல்லலாகாது என்று 1797இல் எழுதியவர் அவர். அத்தகைய கடுமை வள்ளுவரிடம் இல்லை. உலக வாழ்க்கையை அறிந்தவர் என்பதால் ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்தார். நாமோ அவ்வாயிலின் வழியே யானையை ஓட்டிச் செல்கிறோம்.

நன்மை என்று மட்டும் வள்ளுவர் சொல்லி நிறுத்தவில்லை. குற்றமற்ற நன்மை என்று வரையறுத்தார். என் பொய்யை இவ்வரையறையில் வைத்துப் பார்த்தேன். மகளின் நோய் நீங்கியது நன்மை. அதைத் தந்தது அறுவை. அவள் நடுக்கமின்றி உள்ளே சென்றது நன்மை; அதைத் தந்தது மருந்து. அப்படியானால் 'சிராப்' என்ற பொய் தனியே தந்த நன்மை என்ன? கசப்பு மருந்து என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ அடம் பிடித்திருப்பாள். தாதியின் முன்னிலையில் நான் கெஞ்சவேண்டியிருந்திருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை என் பொய் மிச்சப்படுத்தியது. அவ்வளவே. பயன் எனக்கு, விலை கொடுத்தவள் அவள்.

அச்சம் தணிக்கும் மருந்தையே நான் குறை கூறுவதாக யாரும் கொள்ளவேண்டா. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் மருந்தகம் ஒன்று இருந்தது. அதன் டிரஸ்ஸர் ஐயா பொய் சொல்லத் தெரியாதவர். என் தொடையில் வந்த கட்டியைக் கீறியபோது, "வலிக்கும், பொறுத்துக்கொள்" என்று முன்னதாகவே சொன்னார். பிறகு இருவர் என் கைகால்களைப் பிடித்துக்கொள்ள, மரத்துப் போகும் ஊசி எதுவும் இல்லாமல் கீறினார். உண்மை இருந்தது, இரக்கத்திற்கான வழி அவர் கையில் இல்லை. அந்த நாளுக்குத் திரும்பிப்போக அறிவுள்ளவர் எவரும் விரும்பமாட்டார். 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஈதர் என்னும் ஆவியின் மயக்கத்தில் வலியில்லாமல் அறுவை செய்து காட்டப்பட்டதே, அது மனிதகுலம் பெற்ற பெரும்பேறுகளுள் ஒன்று.

வலியைப் போலவே அச்சமும் ஒரு நோய்தான். அமெரிக்க உளமருத்துவர் டேவிட் லெவி, அறுவைக்குப் பின் மனம் பாதிக்கப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 1945இல் எழுதினார். போர்முனையிலிருந்து திரும்பிய படைவீரரிடம் காணப்படும் மனக்கலக்கத்தோடு அக்குழந்தைகளின் நிலையை அவர் ஒப்பிட்டார். உலகப்போர் முடிந்த ஆண்டில் எழுதப்பட்ட அவ்வொப்புமையின் கனத்தை அன்றைய வாசகர் நன்கு உணர்ந்திருப்பர். இரவில் அலறி எழுதல், மறந்துபோன படுக்கை நனைக்கும் பழக்கம் மீண்டும் வருதல், தாயை விட்டு ஒரு நொடியும் பிரிய மறுத்தல் ஆகியவை அறுவைக்கு முன் மிகவும் அஞ்சிய குழந்தைகளிடம் பின்னர்க் கூடுதலாகக் காணப்படுவதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஆகவே, அச்சத்தைத் தணிக்க மருந்து கொடுப்பது இரக்கமுள்ள செயல். இன்று பல நாடுகளில் இதற்குப் பயன்படுவது மிடாசோலம் என்னும் மருந்து. வாய்வழி கொடுத்தால் இருபது முப்பது நிமிடங்களில் குழந்தை தளர்ந்து, சில வேளை காரணமின்றிச் சிரிக்கவும் தொடங்கும். அரிதாகச் சில குழந்தைகள் அமைதி கொள்வதற்கு மாறாக மேலும் முரண்டு பிடிப்பதும் உண்டு. அதுவும் கசப்பு மருந்துதான். இனிப்புப் பாகில் கலந்தே கொடுக்கிறார்கள்.

என் ஐயம் வேறிடத்தில் எழுகிறது. குழந்தை அடங்கிவிட்டது என்பதும் குழந்தையின் அச்சம் நீங்கிவிட்டது என்பதும் ஒன்றா? பெரியவர்களாகிய நாம் இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணி வந்திருக்கிறோம். அந்த எண்ணத்தால் விளைந்த தீங்குகள் மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளன.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952இல் ஒரு படம் எடுத்து மருத்துவர்களுக்குக் காட்டினார். இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி குடலிறக்க அறுவைக்காக எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருப்பதைப் பற்றிய படம் அது. பெற்றோர் உடன் தங்க அக்காலத்தில் இசைவில்லை. அச்சிறுமி ஓயாமல் கதறுபவள் அல்லள். பெரும்பாலும் அமைதியாகவே இருக்கிறாள். பார்த்தவர்களில் பலர், குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று சினந்தனர். அந்த அமைதியின் அடியில் இருப்பது நம்பிக்கை இழப்பே என்று ராபர்ட்சன் எடுத்துக்காட்டினார். அழுதால் தாய் வருவாள் என்ற நம்பிக்கை இருக்கும்வரைதானே குழந்தை அழும்? 1959இல் பிளாட் என்பவர் தலைமையிலான குழு அங்கே அரசுக்கு அறிக்கை அளித்து, பெற்றோர் தடையின்றிக் குழந்தையைப் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்று வற்புறுத்தியது. இன்று நம் மருத்துவமனைகளில் குழந்தையின் கட்டிலருகே தாய் அமர்ந்திருப்பதை நாம் இயல்பாகக் கருதுகிறோம். அந்த இயல்புக்காக ஒரு தலைமுறையினர் வாதாடவேண்டியிருந்தது.

இதனினும் கொடிய செய்தி ஒன்றுண்டு. 1980களின் நடுப்பகுதி வரையிலும்கூட மேலைநாட்டுப் பெரிய மருத்துவமனைகளில், பிறந்த சில நாட்களே ஆன குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கி இன்றியே பெரிய அறுவைகள் செய்யப்பட்டன. தசைகளை அசைவற்றுப் போகச் செய்யும் மருந்தை மட்டும் தாராளமாகக் கொடுத்தார்கள். குழந்தை அசையாது, அழவும் இயலாது. அச்சிற்றுடலுக்கு முழு மயக்கம் ஆபத்து என்ற அச்சம் ஒரு காரணம். பச்சிளங் குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நில்லாது என்ற நம்பிக்கை மற்றொரு காரணம். இந்தியாவிலிருந்து ஆக்சுபோர்டுக்குச் சென்று ஆராய்ந்த கன்வால்ஜீத் ஆனந்த் என்னும் மருத்துவர் 1987இல் தம் குழுவினருடன் இதற்கு விடை கண்டார். குறைமாதக் குழந்தைகளுக்கு இதய நாளத்தில் செய்யும் அறுவையின்போது வலிநீக்கி கொடுக்கப்பட்டவர், கொடுக்கப்படாதவர் என இரு பிரிவினரின் குருதியையும் ஆராய்ந்தார். கொடுக்கப்படாதவரின் உடலில் அதிர்ச்சியின் அடையாளங்கள் மிகுந்திருந்தன. அவர்களுக்கே அறுவைக்குப் பிந்திய சிக்கல்களும் கூடுதலாக வந்தன. அசையாமல் கிடந்த அந்த உடல்கள் உள்ளே போராடிக்கொண்டிருந்தன. அதன் பிறகே வழக்கம் மாறியது.

நினைவில் நில்லாது என்றார்களே, அங்கேதான் இப்பொருளின் மிகக் கடினமான முடிச்சு இருப்பதாக நான் கருதுகிறேன். மிடாசோலத்திற்கு மறதியை உண்டாக்கும் தன்மை உண்டு. அதைக் குடித்துச் சிறிது நேரம் கழித்து நடப்பவற்றைக் குழந்தை பிற்பாடு நினைவுகூர்வதில்லை. மருத்துவர்கள் இதனை அம்மருந்தின் நற்குணங்களில் ஒன்றாக எண்ணுகின்றனர். முகமூடியை அழுத்திய கையை மறந்துவிடுவது குழந்தைக்கு நல்லதுதான். மறுப்பதற்கில்லை. ஆனால், "எப்படியும் நினைவிருக்கப் போவதில்லை" என்ற சொற்றொடர் பெரியவர் மனத்தில் புகுந்துவிட்டால் என்னவாகும்? நினைவில் இல்லாத துன்பம் துன்பமே அன்று என்றாகிவிடும். மறக்கப்படும் பொய் பொய்யே அன்று என்றாகிவிடும். கடனைக் கொடுத்தவன் மறந்துவிட்டான் என்பதற்காக வாங்கியவனின் கடன் தீர்ந்துவிடுமா? மாணவர்கள் இதை ஒரு வாதப்பொருளாக எடுத்துக்கொண்டு தமக்குள் விவாதித்துப் பார்க்கலாம்.

மேலும், மறதி என்பதும் நாம் நினைக்குமளவு முழுமையானதன்று. ஜெனீவாவில் வாழ்ந்த எடுவர்ட் கிளாப்பரேட் என்னும் உளவியல் மருத்துவர் 1911இல் பதிவு செய்த நிகழ்ச்சி ஒன்று புகழ்பெற்றது. அவரிடம் நினைவிழந்த பெண்மணி ஒருவர் இருந்தார். நாள்தோறும் காணும் மருத்துவரையே அவருக்கு அடையாளம் தெரியாது. ஒருநாள் கிளாப்பரேட் தம் விரல்களுக்கிடையே குண்டூசியை மறைத்து வைத்துக்கொண்டு அப்பெண்மணியோடு கைகுலுக்கினார். ஊசி குத்தியதை அவர் விரைவிலேயே மறந்துபோனார். ஆனால், பின்னர் மருத்துவர் கை நீட்டியபோது தம் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் அவரால் காரணம் சொல்ல இயலவில்லை. (இப்படி ஒரு சோதனையை நோயாளியிடம் செய்தது முறையா என்பது வேறு கேள்வி, அதையும் கேட்கத்தான் வேண்டும்.) கனடாவின் டொராண்டோ நகரில் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஆய்வும் இதனை ஒத்ததே. பிறந்த புதிதில் வலிநீக்கி இல்லாமல் நுனித்தோல் நீக்கப்பட்ட ஆண்குழந்தைகள், நான்கு முதல் ஆறு மாதங்களில் தடுப்பூசி போடப்பட்டபோது, மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாகத் துடித்தனர். அவர்களுக்கு எந்த நிகழ்ச்சியும் நினைவில் இருந்திருக்க முடியாது. உடல் ஏதோ ஒன்றைக் குறித்து வைத்திருந்தது.

என் நண்பர் ஒருவர் மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இக்கருத்துகளை அவரிடம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆசிரியர்களுக்கு நேரம் இருக்கிறது. காலை ஏழரை மணிக்குப் பத்துக் குழந்தைகளின் பட்டியல் கையில் இருக்கும்போது வாய்மை அதிகாரம் நினைவுக்கு வராது. கதறும் குழந்தைக்கு எச்சிலும் சளியும் பெருகும். மயக்கம் கொடுப்பது கடினமாகும். ஒரு குழந்தை கதறினால் அறையிலுள்ள அத்தனையும் கதறும்," என்றார். இவை சரியான வாதங்கள். மூன்று நாட்களுக்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லி, மூன்று இரவும் அக்குழந்தையை அஞ்ச வைப்பது எவ்வகை அறம் என்றும் கேட்டார். அதற்கும் எளிதில் விடை சொல்ல முடியாது. ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு ஐந்தாறு நாட்கள் முன்னதாகச் சொல்வது பயன் தருகிறது. சின்னஞ்சிறு குழந்தைக்கோ நாளை என்ற சொல்லே முழுமையாகப் பொருள்படுவதில்லை. அதற்கு முதல் நாள் சொன்னால் போதும். கைக்குழந்தையிடம் சொல்வதற்கு எதுவுமே இல்லை. தாயின் மடியே அதற்குச் சொல். விபத்தில் அடிபட்டு வரும் குழந்தையிடம் விளக்கிக்கொண்டிருக்க நேரமிராது.

ஆயினும், எல்லா உண்மையையும் சொல்லாதிருப்பதற்கும் பொய்யைச் சொல்வதற்கும் இடையே பெரிய தொலைவு இருக்கிறது. கத்தி என்ற சொல்லை ஐந்து வயதுக் குழந்தையிடம் நான் எடுக்கவேண்டியதில்லை. "மருத்துவமனைக்குப் போகிறோம், மருத்துவர் உன்னைத் தூங்க வைத்து உன் தொண்டையைச் சரிசெய்வார், எழுந்ததும் கொஞ்சம் வலிக்கும், அப்பா அங்கேயே இருப்பேன்" என்று சொல்லியிருக்கலாம். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அச்சுறுத்தும் சொல்லும் இல்லை.

நேரமில்லை என்ற வாதத்திற்கும் ஒரு மறுமொழி வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஜீவ் கெயின் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் 408 குழந்தைகளையும் அவர்தம் பெற்றோரையும் நான்கு பிரிவாக்கி ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான முறை. ஒரு பிரிவினருக்குப் பெற்றோர் உடனிருப்பு மட்டும். ஒரு பிரிவினருக்கு மிடாசோலம். நான்காம் பிரிவினரின் வீட்டுக்கு முன்னதாகவே படமும் கையேடும் முகமூடியும் அனுப்பப்பட்டன. குழந்தை அம்முகமூடியை வைத்து விளையாடிப் பழகியது. பெற்றோர் எதைப் பேசுவது, எதைப் பேசாதிருப்பது என்று பயின்றனர். மயக்கம் கொடுக்கும் வேளையில் இப்பிரிவுக் குழந்தைகள் மருந்து குடித்த குழந்தைகளுக்கு நிகரான அமைதியோடு இருந்தனர். விழித்தெழும்போது குழம்பிக் கதறுவது இவர்களிடம் குறைவு. வலிநீக்கியும் குறைவாகவே தேவைப்பட்டது. வீட்டுக்கும் விரைவில் திரும்பினர். பெற்றோர் வெறுமனே உடன் நிற்பது மட்டும் இந்தப் பயனைத் தரவில்லை என்பதையும் நாம் கவனிக்கவேண்டும். நடுங்கும் தந்தை பக்கத்தில் நிற்பதால் குழந்தையின் நடுக்கம் எப்படிக் குறையும்?

குழந்தையின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாட்டு உடன்படிக்கை 1989இல் உருவானது. தன்னைப் பாதிக்கும் செயல்களில் கருத்துச் சொல்லும் உரிமை, கருத்தை உருவாக்கிக்கொள்ளக்கூடிய குழந்தைக்கு உண்டு என்கிறது அதன் 12ஆம் பிரிவு. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தன. ஐந்து வயதுக் குழந்தை அறுவை வேண்டா என்று சொன்னால் விட்டுவிட முடியாதுதான். எந்தக் கையில் ஊசி, எந்தப் பொம்மை உடன் வரும், மருந்தை யார் கையால் குடிப்பது என்பனவற்றை அதுவே சொல்லட்டுமே. எங்கே போகிறோம் என்பதே தெரியாத குழந்தை எதைப் பற்றிக் கருத்துச் சொல்லும்?

சென்ற ஆண்டு என் பேரனுக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. அவனுக்கு ஆறு வயது. அன்று ஐந்து வயதாயிருந்த என் மகள்தான் அவன் தாய். ஒரு வாரம் முன்பே அவனை அழைத்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். "வலிக்குமா?" என்று கேட்டான். "வலிக்கும். மருந்து கொடுப்பார்கள். அப்புறம் குறையும்," என்றாள். அவன் அழுதான். இரண்டு இரவுகள் தாயின் பக்கத்தில்தான் உறங்கினான். சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று எனக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அறுவை நாளில் தாதி மருந்தைக் கொண்டுவந்தபோது, "கசக்கும், ஒரே வாயில் குடித்துவிடு" என்றாள் என் மகள். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். பிறகு மருந்து தன் வேலையைச் செய்தது; கூரையிலிருந்த விளக்கைப் பார்த்துச் சிரித்தான். கதவருகே மறுபடியும் கொஞ்சம் அழுதான். உண்மையைச் சொன்னதால் அவன் அழாமல் போய்விடவில்லை. அவன் வீட்டுக்கு வந்த அன்று மாலை நான் நீட்டிய பால் குவளையை என்னவென்று கேளாமல் வாங்கிக் குடித்தான்.

அன்றிரவு என் மகளிடம், உன் சிறுவயது அறுவை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். மருத்துவமனை, முகமூடி, தாதி, நான் சொன்ன பொய் எதுவும் நினைவில்லை என்றாள். தொண்டையில் அறுவை நடந்தது என்று அம்மா சொல்லித்தான் தெரியுமாம். எங்கள் வீட்டுத் தீபாவளிகளில் அவள் மட்டும் சிராப் குடிப்பதில்லை. நிறம் பிடிக்கவில்லை என்பாள்.

அதன் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால், நடந்ததை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இத்தொகுப்பு அச்சாகி வந்ததும் வழக்கம்போல் முதல் படி அவளுக்குத்தான் போகும். அதற்கு முன் ஒருநாள் நேரில் சென்று சொல்லிவிட வேண்டும் என்றிருக்கிறேன்.